ஒரு பந்து தவறினால் ஆட்டமே சோர்ந்துவிடுகிறதே?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஹாக்கிப் பயிற்சியில் நன்றாக ஆடுகிறாள். போட்டியிலோ, ஒரு பந்தை நிறுத்தத் தவறிவிட்டால், அதன்பின் பந்து வராத இடமாகப் பார்த்து ஒதுங்கிக்கொள்கிறாள். இதை மாற்ற முடியுமா?

பதில்: முடியும், ஆனால் "பயப்படாதே" என்ற அறிவுரையால் அல்ல. தவறிய பந்தையே நினைத்துக்கொண்டிருக்கும் மனத்துக்கு உடனே செய்ய ஒரு வேலை வேண்டும். பந்தை இழந்த மறுகணமே பின்னால் ஓடி எதிராளியின் பாதையை மறிப்பது, ஸ்டிக்கைத் தரையோடு தாழ்த்திப் பிடிப்பது, அருகிலுள்ள தோழியைப் பெயர் சொல்லி அழைப்பது என ஏதேனும் ஒன்றைப் பயிற்சியிலேயே பழக்கமாக்கிவிட்டால், வருந்துவதற்கான அவகாசம் குறைந்துவிடும்.

பயிற்சியில் சிறப்பாக ஆடுபவர்கள் போட்டியில் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம், பயிற்சியில் இழப்பதற்கு எதுவும் இல்லாததே. சமநிலையில் முடிந்த ஆட்டத்தில் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் ஷூட்-அவுட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு வீராங்கனை தனியாக 23 மீட்டர் கோட்டிலிருந்து புறப்பட்டு, 8 விநாடிகளுக்குள் கோல்கீப்பரை ஏமாற்றிப் பந்தை வலைக்குள் சேர்த்தாக வேண்டும். இதனைப் பயிற்சியின் இறுதியில், உடல் களைத்திருக்கும்போது, அணியினர் அனைவரும் பார்த்திருக்க, ஒரே ஒரு வாய்ப்பு மட்டும் கொடுத்து ஆடவைக்கும்படி பயிற்சியாளரிடம் கேளுங்கள். பத்து வாய்ப்புகள் கொடுத்தால் அது வெறும் கைப்பழக்கம்தான்.

கால்பகுதி இடைவேளைகளில் தவறுகளின் பட்டியலை வாசிக்கும் பயிற்சியாளர்கள் உண்டு. அந்தச் சில நிமிடங்களில் இளம் வீராங்கனையின் மனத்தில் தங்கக்கூடியது ஒரே ஒரு குறிப்புத்தான்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தவறு நேர்ந்ததும் அவள் உங்கள் முகத்தைத் தேடுகிறாளா என்று கவனியுங்கள். தேடினால், அடுத்த சில போட்டிகளில் அவள் கண்ணில் படாத இடத்தில் அமருங்கள்.