திருகோணமலையில் பள்ளிவாசல்களும் உலமா (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) சபையும் ஊர் அரசியலை எவ்வளவு தீர்மானிக்கின்றன?

கட்சி என்ற அர்த்தத்தில் பார்த்தால் குறைவு. முஸ்லிம் காங்கிரஸும் மக்கள் காங்கிரஸும் அரசியல் கட்சிகள், மார்க்க அமைப்புகள் அல்ல. 1924இல் தொடங்கிய அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா என்ற உலமா சபை தேர்தலில் நிற்பதில்லை. ஆனால் கிண்ணியா, மூதூர், தோப்பூர் பக்கம் வந்தால் கதை வேறு. அங்கே ஊரின் பஞ்சாயத்து மேடை பெரும்பாலும் பள்ளிவாசல் நிர்வாக சபைதான். காணிச் சண்டை, குடும்பத் தகராறு, நிவாரணப் பங்கீடு எல்லாம் அங்கே போகும். 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது மக்கள் தஞ்சம் புகுந்த இடங்களில் பள்ளிவாசல்களும் அரபுக் கல்லூரியும் இருந்தன. அப்படிப்பட்ட இடத்துக்கு வாக்குச் செல்வாக்கும் தானாக வந்துவிடும்.

2018 உள்ளூராட்சித் தேர்தலில் வட்டார முறை வந்தபின் இது இன்னும் கூர்மையாகிவிட்டது. வட்டாரம் சிறியது, ஒரு மஹல்லாவின் (ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பின்) சில நூறு வாக்கு பிரிந்தால் ஆசனம் கைமாறும். அதனால் “நம்ம வட்டாரத்துக்கு ஒரே ஆளை நிறுத்துங்கள்” என்று சமரசம் பேச நிர்வாகிகளைத்தான் கூப்பிடுவார்கள். சரி, பேசினால் எல்லாரும் கேட்பார்களா? இல்லை. தப்லீக் (அழைப்புப் பணி இயக்கம்), தௌஹீத் (சீர்திருத்தவாதிகள்), தரீக்கா (சூஃபி வழியினர்) என்று ஊரே பல ஜமாஅத்தாக, அதாவது மார்க்கக் குழுக்களாக, பிரிந்து கிடக்கிறது. நிர்வாகிகளிலேயே ஆளுக்கொரு கட்சிக்காரர் இருப்பார். (பெண்கள் அந்தச் சபைகளில் அநேகமாக இல்லை; வாக்காளரில் பாதி அவர்கள்.) என் கணிப்பில், பள்ளிவாசலால் ஒரு வேட்பாளரைத் தடுக்க முடியும், வெல்ல வைப்பது கடினம்.