ரஸ்ஸட், வாத்மால், டஃபல் எல்லாம் ஒரே முரட்டுக் கம்பளித் துணியின் வெவ்வேறு பெயர்கள்தானா?

இல்லை. ரஸ்ஸட் இங்கிலாந்து ஏழைகளின் துணி. உழவர்கள் அதையும் அதுபோன்ற மலிவுத் துணியையும்தான் உடுத்த வேண்டும் என்று 1363இல் சட்டமே போட்டார்கள். அது விரைவிலேயே ரத்தானது. டஃபல் என்பது பெல்ஜியத்தில் ஓர் ஊர். துணிக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

என்னைக் கவர்வது ஐஸ்லாந்தின் வாத்மால்தான். அது உடை மட்டுமல்ல, பணமும்கூட. இத்தனை முழம் என்று அளந்து கடனையும் அபராதத்தையும் தீர்த்தார்கள்.

இத்தகைய துணிகள் பலவற்றின் தடிமனுக்குக் காரணம் நெசவுக்குப் பிந்தைய வேலை. துணியை நனைத்து மிதிப்பார்கள், அடிப்பார்கள். கம்பளி இழையின் நுண்செதில்கள் ஒன்றோடொன்று சிக்கி, துணி சுருங்கித் தடிக்கும், இழையோட்டமே மறைந்துபோகும். பிசுக்கை நீக்கப் புளித்த மூத்திரத்தையும் ஊற்றினார்கள், முகம் சுளிக்காதீர்கள்!