சாப்பிட மாட்டாமல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. எங்கள் வீட்டுப் பூனை மினுக்கிக்கு 14 வயது. பத்து நாளாகச் சரியாகச் சாப்பிட மாட்டேங்கிறாள். தட்டருகே வருகிறாள், முகர்ந்து பார்க்கிறாள், திரும்பிப் போய்விடுகிறாள். பிடித்த மீனை வைத்தாலும் அதே அடம். வாயைத் திறந்து ஊட்டினால் துப்புகிறாள். நேற்று முழுக்க இரண்டு நக்கு நக்கியதோடு சரி. வயதாகிவிட்டது, இனி அப்படித்தான் என்கிறார்கள் வீட்டில். விலங்குகளுக்குத் தங்கள் முடிவு முன்பே தெரியும், அதனால்தான் உணவைத் துறக்கின்றன என்று எங்கோ வாசித்தேன். அப்படியானால் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவதுதான் கருணையா? அல்லது ஒரு குட்டிப் பூனையைக் கொண்டுவந்தால் போட்டிக்காவது சாப்பிடுவாளா? காய்ச்சல் மாத்திரையில் கால்வாசி கொடுத்துப் பார் என்கிறார் ஒரு நண்பர். உங்கள் எழுத்தில் பூனைகள் அடிக்கடி வருவதால் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

மாத்திரையை முதலில் முடித்துவிடுகிறேன். நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு கிடையாது. ரத்தம் பழுப்பேறி ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும். ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். கால்வாசி என்பதால் அது மருந்தாகிவிடாது. உங்கள் நண்பர் நல்லவராகவே இருக்கட்டும், வைத்தியம் மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.

குட்டிப் பூனை வேண்டாம். முடியாமல் கிடக்கிறவளுக்கு ஒரு புது வாடையையும் தினசரிச் சண்டையையும் கொண்டுவந்து சேர்ப்பீர்கள், அவ்வளவுதான்.

மற்றபடி, காலையில் உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து ஒரே ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். 'மாட்டேங்கிறாள்.'

பூனையை விடுங்கள். வண்டி கிளம்ப மாட்டேங்குது, கதவு திறக்க மாட்டேங்குது, மழை நிற்க மாட்டேங்குது என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். உயிரில்லாத கதவுக்குக்கூட ஒரு பிடிவாதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அதனோடு பேச ஆரம்பிக்கிறோம். கீலில் துரு ஏறியிருக்கும், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஆனால் 'மாட்டேங்குது' என்று சொன்ன பிறகு கை எண்ணெயைத் தேடுவதில்லை. கால்தான் முந்துகிறது.

இதை நான் உங்களைக் கண்டிக்கிற உயரத்தில் நின்று சொல்லவில்லை. உங்களைவிட மோசமாக நான் இதைச் செய்திருக்கிறேன்.

பூசணி என்று ஒருத்தி எங்களோடு இருந்தாள். பெயருக்கேற்ற உருவம். அவளுக்கு 12 வயது நடந்தபோது தொடங்கியது. தட்டில் உலர் உணவு விழும் சத்தம் கேட்டதும் ஓடி வருவாள். இதை நன்றாகக் கவனியுங்கள், ஓடி வருவாள். உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரே ஒரு துண்டை எடுப்பாள். எடுத்தது வாயோரமாகக் கீழே விழும். விழுந்ததையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு கன்னத்தில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல முன்னங்காலால் இரண்டு தடவை துடைத்துவிட்டு எழுந்து போவாள். மூன்று வாரம் தினமும் இதைப் பார்த்தேன். பார்த்து என்ன செய்தேன்? உணவை மாற்றினேன். கோழி வைத்தேன், மீன் வைத்தேன், மூன்று தட்டு வரிசையாக வைத்தேன். மகாராணிக்கு எதுவும் பிடிப்பதில்லை என்று கிண்டல் வேறு. பூனைகளின் ராஜகுணம் பற்றி ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன், நிறையப் பேர் பாராட்டினார்கள். (தளத்தில் தேட வேண்டாம், எடுத்துவிட்டேன்.) அவளுக்கு இடுப்பு என்று ஒன்று தெரிய ஆரம்பித்தபோது, பரவாயில்லையே, இளைத்து அழகாகிவிட்டாளே என்று சந்தோஷப்பட்டவனும் நான்தான்.

தடுப்பூசிக்காகத்தான் மருத்துவரிடம் போனோம். எடை பார்த்தார். போன வருடம் 5.2 கிலோ இருந்தவள் 4.1 இருந்தாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க 70 கிலோ இருப்பீங்களா? 15 கிலோ குறைஞ்சப்புறம் என்கிட்ட வந்திருக்கீங்க" என்றார். பிறகு அவள் உதட்டைத் தூக்கினார். கன்னப்பல் ஒன்றின் அடியில் ஈறு மேலேறி வந்ததுபோல ஒரு சிவப்புப் புள்ளி. பஞ்சு சுற்றிய குச்சியால் அதை லேசாகத் தொட்டார். குளிரில் பல் தந்தியடிக்குமே, அப்படி அடித்துக்கொண்டது அவள் கீழ்த்தாடை.

பல்லை உடம்பே கரைத்துவிடுகிற நோய் அது. வயதான பூனைகளுக்கு வெகு சாதாரணமாக வருவது. கரைந்த இடத்தில் நரம்பு திறந்து கிடக்கும். அதன்மேல்தான் மூன்று வாரமாக நான் மொறுமொறுவென்று விதவிதமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எத்தனை நாளா சாப்பிட முடியல?" என்று கேட்டார். "மூணு வாரமா சாப்பிட மாட்டேங்குது டாக்டர்" என்றேன். அவர் என்னைத் திருத்தவில்லை. சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது.

மூன்று பற்களைப் பிடுங்கினார்கள். மறுநாள் சாயங்காலம் கூழாகப் பிசைந்து வைத்ததை நக்கித் தீர்த்துவிட்டு, வெறும் தட்டைத் தரையில் தள்ளிக்கொண்டே போனாள். அந்தச் சத்தத்துக்காகவே கொஞ்சநாள் எவர்சில்வர் தட்டை மாற்றாமல் வைத்திருந்தேன்.

இப்போது உங்கள் 'துறவு' விஷயத்துக்கு வருகிறேன். மன்னியுங்கள், இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடம் என்று சொல்கிறவர் பூனையைத் திட்டுகிறார், துறவு என்று சொல்கிறவர் கும்பிடுகிறார். இரண்டு பேருமே வாயைத் திறந்து பார்ப்பதில்லை. முன்னதாவது எரிச்சலில் வருகிறது. பின்னது அழகாக இருப்பதால் அதைவிட ஆபத்து. பூனை வலியில் கத்தாது, சுருண்டு படுத்துக்கொள்ளும். மடியில் சுகமாகக் கிடக்கும்போது தொண்டைக்குள் குர்குர்ரென்று ஒலிக்குமே, வலிக்கும்போதும் அப்படி ஒலித்துக்கொண்டுகூட இருக்கும். அந்த அமைதியைப் பார்த்து ஞானம் என்று நினைத்துக்கொள்வது நாம்தான். 2019-ல் மொன்றியால் பல்கலைக்கழகத்தில் பூனைகளின் முகத்தை வைத்தே வலியைக் கணிக்க ஓர் அளவுகோல் செய்தார்கள். காது பக்கவாட்டில் திரும்பும், கண் இடுங்கும், வாயைச் சுற்றி இறுகும், மீசை நேராக விறைக்கும், தலை தோளுக்குக் கீழே தாழும். உங்கள் துறவியின் முகத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

உபவாசம் அவள் உடம்பில் என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் உடம்பு சேமித்த கொழுப்பை எடுத்து எரிக்கும். பூனையிலும் கொழுப்பு கல்லீரலுக்கு வரும். ஆனால் அந்தச் சின்னக் கல்லீரலால் அவ்வளவையும் கையாள முடியாது. கொழுப்பு அங்கேயே அடைந்து கல்லீரலே செயலிழக்கும். காது உட்புறமும் ஈறும் மஞ்சளாகும். சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே இது தொடங்கிவிடலாம், குண்டுப் பூனை என்றால் இன்னும் சீக்கிரம். முதலில் பசியைக் கெடுத்த காரணம் சின்னதாகவே இருந்திருக்கலாம், ஆனால் பட்டினி தனி நோயாகி அதுவே கொல்லும். அதற்கு முக்கியமான மருந்தே சாப்பாடுதான், குழாய் வைத்துப் பல வாரம் ஊட்ட வேண்டிவரும். இப்படி வருகிற சாவில் நிம்மதி எதுவும் இல்லை, ம.

வயதாகிவிட்டது என்கிறார்கள் இல்லையா, வயது எந்த உறுப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். சிறுநீரகம் பழுதானால் குமட்டும். பசித்து வந்து, முகர்ந்ததும் உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிவிடும். நீங்கள் எழுதியிருப்பது எனக்கு அதைத்தான் நினைவூட்டுகிறது, ஆனால் அதைச் சொல்ல வேண்டியது ரத்தப் பரிசோதனை. மூக்கடைத்திருந்தால் மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் பூனைக்கு அது உணவே இல்லை. மூட்டாகவும் இருக்கலாம். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை எடுத்துப் பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. தட்டு மேடைமேல் இருந்தால் ஏறிப் போக வேண்டும் இல்லையா? கணையம், குடல், கட்டி என்று பட்டியல் நீளும். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

மறுபடியும் அந்தச் சொல்லுக்கே போகிறேன், விட மனம் வரவில்லை. பூசணி சம்பவத்துக்குப் பிறகு 'மாட்டேங்குது' என்ற வார்த்தைமீதே எனக்கு ஒரு கோபம் இருந்தது. அப்புறம் ஒருநாள், மாடிப்படியில் ஒரு அம்மாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்த யாரோ, "தூக்க மாட்டாம தூக்கிட்டு வர்றாங்க பாரு" என்றார்கள். அப்படியே நின்றுவிட்டேன். தூக்க மாட்டாமல். அங்கே 'மாட்டாமல்' என்றால் மறுத்து என்றா பொருள்? முடியாமல். மாட்டாமை என்றால் இயலாமை என்றுதான் பழைய தமிழ். நடக்க மாட்டாமல் நடந்தார் என்கிறோம், சொல்ல மாட்டாமல் சொன்னாள் என்கிறோம். சொல் நோயைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பிடிவாதத்தை அதில் ஏற்றிக் கேட்டது நம் காது. உங்கள் கடிதத்தை இப்போது திரும்ப வாசித்துப் பாருங்கள். 'பத்து நாளாகச் சரியாகச் சாப்பிட மாட்டேங்கிறாள்.' நீங்களே சரியாக எழுதிவிட்டீர்கள்.

சரி, செய்ய வேண்டியது. வாயைத் திறந்து ஊட்டுவதை நிறுத்துங்கள். குமட்டலோடு இருக்கிறவளுக்கு வலுக்கட்டாயமாக ஊட்டினால் அந்த உணவின் மணத்தையே அப்புறம் வெறுப்பாள், மூச்சுக்குழாயில் போனால் அது வேறு வினை. மென்மையான உணவை அவள் உடம்புச் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கித் தரையில் வையுங்கள், மணம் எழும்பும். குமட்டலை அடக்கவும் பசியைத் தூண்டவும் பூனைகளுக்கான மருந்துகள் இருக்கின்றன. காதின் உட்புறம் தடவினாலே போதும் என்கிற களிம்புகூட 2018-ல் வந்துவிட்டது. எதுவானாலும் மருத்துவர் கையால்.

கருணை என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி வரும், வராமல் போகாது. 15 வயதில் பூசணிக்குச் சிறுநீரகம் போனபோது எனக்கும் வந்தது. என்ன நோய், எவ்வளவு வலி, இன்னும் என்ன செய்யலாம் என்பதெல்லாம் தெரிந்த பிறகு, அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்த முடிவை எடுத்தோம். காரணமே தெரியாமல் எடுத்திருந்தால் அதற்கு வேறு பெயர்.

இன்று மாலைக்குள் மினுக்கியைத் தூக்கிக்கொண்டு போங்கள். கூடையைப் பார்த்ததும் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள், உள்ளே விடப் பார்த்தால் நாலு காலையும் விரித்து வர மாட்டேன் என்பாள். அது அசல் 'மாட்டேன்'. அதை மட்டும் நீங்கள் மதிக்க வேண்டியதில்லை.