ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கோலக் கோட்டின் நுனியோடு பொறியும் சேர்ந்து ஓட என்ன செய்வது?

அசைபட மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கோடு தானாக வரைந்துகொண்டு போகிறது, பொறியும் பறக்கிறது, ஆனால் இரண்டும் சேர்ந்து ஓடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்தான்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு, எல்இடி திரையில் ஓட ஒரு முகப்பு வீடியோ செய்தேன். சிக்குக் கோலம் புள்ளிகளைச் சுற்றி வளைந்து வர வேண்டும், நுனியில் மத்தாப்புப் பொறி. மடிக்கணினியில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. பெரிய திரையில் போட்டதும் கமிட்டி அங்கிள் ஒருவர், "தம்பி, நெருப்பு முன்னால ஓடுது, கோலம் பின்னால துரத்துதே" என்றார்.

நான் செய்த தப்பு இதுதான். கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காட்டும் டிரிம் பாத்ஸ் போட்டு, அதன் எண்டை (கோடு எதுவரை தெரியும் என்ற அளவு) 0-லிருந்து 100 வரை நகர்த்தி, தொடக்கத்தையும் முடிவையும் மெதுவாக்கும் ஈசி ஈஸ் கொடுத்தேன். பொறிக்கு, கோட்டின் அதே பாத்தை, அதாவது பாதையை, காப்பி செய்து ஒரு நல் லேயரின் (கண்ணுக்குத் தெரியாத வழிகாட்டி லேயர்) பொசிஷனில் ஒட்டினேன். அப்படி ஒட்டினால் நல் சீரான வேகத்தில் போகும். கோடோ மெல்லக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, மெல்ல அடங்கும். அதனால் முதல் பாதியில் பொறி முந்துகிறது, மறுபாதியில் கோடு முந்துகிறது. கீஃப்ரேமை (எந்த நேரத்தில் என்ன அளவு என்ற குறி) கையால் இழுத்துச் சரிசெய்யப் பார்த்து ஒரு ராத்திரி வீணானது.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கத்தி சீவிய தடத்தில்தான் பால் ஊறும், அது தனியாக வழி தேடாது. இங்கேயும் அப்படித்தான் வேண்டும்: கோட்டையும் பொறியையும் ஒரே எண் ஓட்ட வேண்டும்.

2018 பதிப்பிலிருந்து விண்டோ மெனுவில் 'கிரியேட் நல்ஸ் ஃப்ரம் பாத்ஸ்' இருக்கிறது. டைம்லைனில் உங்கள் கோட்டின் பாத்தைத் தேர்ந்துகொண்டு, அதில் 'டிரேஸ் பாத்' அழுத்துங்கள். பாத்தின் மேலேயே ஓடும் ஒரு நல் வரும், அதில் ப்ரோக்ரஸ் என்று ஓர் அளவு இருக்கும். டிரிம் பாத்ஸின் எண்டை பிக் விப் (ஓர் அளவை இன்னொன்றோடு இழுத்து இணைக்கும் கருவி) கொண்டு அந்த ப்ரோக்ரஸோடு கட்டிவிடுங்கள். இனி ஈஸ் கொடுப்பதெல்லாம் ப்ரோக்ரஸில் மட்டும். லூப் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோலம் முடிந்த கையோடு மறுபடியும் முதலிலிருந்து ஓடும். வட்டம், சதுரம் போன்ற தயார் வடிவங்களை முதலில் பெசியர் பாத்தாக (புள்ளி புள்ளியாக வளைக்கக்கூடிய பாதை) மாற்ற வேண்டும்.

நல் கோட்டை விட்டுத் தள்ளி ஓடினால் பயப்படாதீர்கள். ஷேப்புக்குள் இருக்கும் குரூப்பின் டிரான்ஸ்ஃபார்மைத் திறந்து பாருங்கள். அங்கே பொசிஷன் பூஜ்யமாக இருக்காது. இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து வந்த கோலம் என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அப்புறம் பொறி. துகள் உண்டாக்கும் கட்டணச் செருகுநிரலான ட்ராப்கோட் பார்ட்டிகுலர் இருந்தால், எமிட்டர் (துகள் கிளம்பும் இடம்) பொசிஷனை நல்லின் பொசிஷனோடு கட்டினால் போதும். காசு போட விருப்பமில்லையா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸோடு கூடவே வரும் சிசி பார்ட்டிக்கிள் சிஸ்டம்ஸ் 2-வும் பிக்சல் கணக்கில்தான் பொசிஷன் வாங்கும். சிசி பார்ட்டிக்கிள் வேர்ல்ட் மட்டும் வம்பு பிடித்தது: காட்சி அகலத்தில் பாதியை நல்லின் எக்ஸிலிருந்தும், உயரத்தில் பாதியை ஒய்யிலிருந்தும் கழித்து, இரண்டையும் அகலத்தாலேயே வகுக்க வேண்டும். ஆமாம், ஒய்யையும்.

நுனி வேகமாக ஓடும் இடத்தில் பொறி திட்டுத் திட்டாக விழுந்தால், பார்ட்டிகுலரில் பொசிஷன் சப்ஃப்ரேமை '10எக்ஸ் ஸ்மூத்' ஆக்குங்கள். கோடு நின்ற பிறகும் பொறி கக்கிக்கொண்டே இருந்தால், நொடிக்கு எத்தனை துகள் என்ற அளவை நல்லின் வேகத்தோடு பெருக்கிக் கட்டுங்கள். நுனி நின்றால் பொறியும் நிற்கும். கிராவிட்டியை நான் பூஜ்யத்தில் வைத்தேன். கோலத்தை மேலிருந்து பார்க்கிறோம், பொறி திரையின் அடிப்பக்கம் கொட்டினால் வாசல் சுவராகிவிடும்.

ஒரு நல் ஒரு பாத்தின் மேல்தான் ஓடும். மூன்று தனிக் கோடுகள் என்றால் மூன்று நல், மூன்று எமிட்டர். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அதனால் அத்தையிடம் சொல்லி, கையெடுக்காமல் ஒரே இழையில் முடிகிற கோலமாகப் போட்டு வாங்கிக்கொண்டேன்.