எமோஜி வல்லுநர் என்றொரு வேலை உண்டா?

கேள்வி: மொழியியல் முதுகலை படிக்கும் என் மகள், எமோஜிகளை ஆராய்வதையே தொழிலாகக் கொள்ள விரும்புவதாகச் சொல்கிறாள். அப்படியொரு வேலை உண்மையில் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால், அந்தப் பெயரில் விளம்பரம் வருவது மிக அரிது. லண்டனிலுள்ள டுடே டிரான்ஸ்லேஷன்ஸ் என்ற மொழிபெயர்ப்பு நிறுவனம் 2016ஆம் ஆண்டின் இறுதியில் எமோஜி மொழிபெயர்ப்பாளர் தேவை என்று அறிவித்தபோது அது பல நாடுகளில் செய்தியானதற்கு அந்த அரிய தன்மையே காரணம். அப்பணிக்குத் தேர்வான கீத் பிரோனி வணிக உளவியல் பயின்றவர். பிற்காலத்தில் எமோஜிபீடியா இணையதளத்தின் தலைமை ஆசிரியரானார். அத்தளத்தை 2013இல் தொடங்கிய ஜெரமி பர்ஜ், ஒவ்வொரு எமோஜியும் எந்த நிறுவனத்தின் சாதனத்தில் எப்படித் தோன்றுகிறது, எந்தப் பதிப்பில் எப்படி மாறியது என்பதை விடாமல் ஆவணப்படுத்தியதன் மூலமாகவே இத்துறையில் அறியப்பட்டார். கணினி எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் பொதுத் தரத்தை வகுக்கும் யூனிகோடு கூட்டமைப்பின் எமோஜி துணைக்குழுவுக்குத் தலைமை ஏற்ற ஜெனிஃபர் டேனியல் கூகுளில் பணியாற்றும் வடிவமைப்பாளர். எமோஜிகளை மொழியியல் நோக்கில் ஆராய்ந்து எழுதியவர்களுள் விவியன் எவன்ஸ் குறிப்பிடத்தக்கவர். இவர்கள் எவரும் எமோஜியில் பட்டம் பெற்று வந்தவர்கள் அல்லர். வேறொரு துறையில் காலூன்றிய பிறகே இதற்குள் வந்தார்கள். ஆகவே, உங்கள் மகள் மொழியியலைக் கைவிடாமல் அதற்குள்ளேயே எமோஜியைத் தம் சிறப்புப் பாடமாக்கிக்கொள்வதுதான் பொருத்தமான வழி என்பது என் கருத்து.

கேள்வி: படத்தைப் பார்த்தாலே பொருள் புரிகிறதே, அதற்கு எதற்கு வல்லுநர்?

பதில்: புரிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்வதில்தான் சிக்கலே இருக்கிறது. யூனிகோடு ஓர் எமோஜிக்கு எண்ணையும் பெயரையும் மட்டுமே தருகிறது. படத்தை ஆப்பிள், கூகுள், சாம்சங் போன்ற நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி வரைந்துகொள்கின்றன. கைத்துப்பாக்கி எமோஜியை 2016இல் ஆப்பிள் நிறுவனம் பச்சை நிற நீர்த்துப்பாக்கியாக மாற்றியது. மற்ற பெரும் நிறுவனங்கள் பெரும்பாலும் 2018இல்தான் அம்மாற்றத்தைச் செய்தன. இடைப்பட்ட காலத்தில் ஒருவர் பொம்மையை அனுப்புவதாக எண்ணி அனுப்பியது, பெற்றவரின் திரையில் உண்மையான ஆயுதமாகத் தோன்றியிருக்கலாம். அதே 2016இல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே நிறுவனம் வரைந்த ஒரே படத்தைப் பார்த்தவர்களிடையேகூட அது மகிழ்ச்சியைக் குறிக்கிறதா, வருத்தத்தைக் குறிக்கிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை என்று கண்டறிந்தார்கள். எந்தத் தலைமுறையினர், எந்தச் சூழலில், எந்தச் சாதனத்திலிருந்து அனுப்பினார்கள் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்த பிறகே பொருள் சொல்ல முடியும் என்பதால், இப்பணியில் அகராதி அறிவைவிடச் சான்று திரட்டும் பொறுமையே அதிகம் தேவைப்படுகிறது.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவன். நீதிமன்றங்களில் எமோஜிக்கு உண்மையாகவே மதிப்பு உண்டா?

பதில்: கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நடந்த வழக்கொன்றைப் படித்துப் பாருங்கள். ஆளி விதைக் கொள்முதல் ஒப்பந்தத்தின் படத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பி, உறுதி செய்யுமாறு வாங்குபவர் தரப்பு கேட்டது; விவசாயி கட்டைவிரல் உயர்த்திய எமோஜியை மட்டும் பதிலாக அனுப்பினார்; பிறகு விதையைத் தரவில்லை. ஒப்பந்தம் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொள்ளவே அதை அனுப்பியதாக அவர் வாதிட்டபோதிலும், இரு தரப்பும் முன்பு இதேபோன்ற சுருக்கமான பதில்களைக் கொண்டே ஒப்பந்தங்களை முடித்திருந்ததைக் கருத்தில்கொண்டு, அது கையொப்பத்துக்கு நிகரான ஒப்புதலே என்று 2023இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், 82,000 கனடிய டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டிலும் 2024இல் அத்தீர்ப்பு நிலைத்தது. எமோஜி தொடர்பான அமெரிக்க வழக்குகளைச் சாண்டா கிளாரா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் எரிக் கோல்ட்மன் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறார். உங்கள் ஆய்வை அங்கிருந்து தொடங்கலாம்.

கேள்வி: நான் ஓவியர். புதிய எமோஜி வரைந்து அனுப்பினால் ஏற்பார்களா? பணம் கிடைக்குமா?

பதில்: பணம் கிடைக்காது. முன்மொழிவை எவரும் அனுப்பலாம். பதின்ம வயதிலேயே ரயூஃப் அல்ஹுமேதி என்ற மாணவி முன்மொழிந்த, தலையில் முக்காடு அணிந்த பெண்ணின் எமோஜி 2017இல் சேர்க்கப்பட்டது. ஆனால், அழகாக வரைந்திருப்பது மட்டும் போதாது. அக்கருத்தை மக்கள் இணையத்தில் எவ்வளவு தேடுகிறார்கள், அது ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களில் பயன்படுமா, இருக்கும் எமோஜிகளைச் சேர்த்து அதைச் சொல்லிவிட முடியாதா என்பவற்றுக்கெல்லாம் சான்றுகளுடன் விளக்கம் தர வேண்டும். வணிகச் சின்னங்கள், குறிப்பிட்ட மனிதர்கள், தெய்வங்கள் ஆகியவற்றுக்கு இடமில்லை. புதிய கொடிகளுக்கான முன்மொழிவுகளையும் 2022 முதல் ஏற்பதில்லை. ஏற்கப்பட்டாலும் கைப்பேசிக்கு வந்து சேர ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆகும். அப்போதும் திரையில் தெரிவது உங்கள் ஓவியமாக இருக்காது. ஓவியத் திறமையால் வாழ விரும்பினால், எழுத்துரு வடிவமைக்கும் நிறுவனங்களையும் செயலிகளுக்கு ஸ்டிக்கர் வரையும் பணிகளையும் நாடுவதே நல்லது.

கேள்வி: ஆயிரக்கணக்கில் எமோஜிகள் வந்துவிட்டனவே, இத்துறைக்கு இனி எதிர்காலம் உண்டா?

பதில்: புதியவற்றின் வரவு குறைந்துவிட்டது என்பது உண்மைதான். 2024 செப்டம்பரில் வெளியான யூனிகோடு 16.0 பதிப்பில் இடம்பெற்ற புதிய எமோஜி எழுத்துகள் 7 மட்டுமே. ஆனால், அதே ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஜென்மோஜி வசதியால், எவரும் சில சொற்களைத் தட்டச்சு செய்து தமக்கென ஒரு படத்தை உருவாக்கிக்கொள்ள முடிகிறது. அப்படங்களுக்கு யூனிகோடு எண்ணும் இல்லை, எவரும் ஒப்புக்கொண்ட பெயரும் இல்லை. அவற்றை எப்படித் தேடுவது, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் எப்படி விவரிக்கும், வழக்கொன்றில் சான்றாக வந்தால் எப்படிப் பதிவு செய்வது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை காண ஆள்கள் தேவைப்படுவார்கள். புதிய எமோஜிகளைச் சேர்க்கும் வேலையைவிட இதில்தான் இளைஞர்களுக்கு வாய்ப்பு மிகுதி என்று நினைக்கிறேன்.