சாலிஸ்பரியின் வளைந்த தூண்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது சாலிஸ்பரி பேராலயத்தைப் பார்த்தேன். கோபுரத்தைத் தாங்கும் நடுத்தூண்கள் வளைந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. கணக்குத் தெரியாமல் கட்டிவிட்டார்களா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

கட்டியவர்கள்மேல் பழி போடாதீர்கள். 1220இல் அடிக்கல் நாட்டி 1258இல் அர்ச்சிக்கப்பட்ட ஆலயத்தின் நடுவே, கூரைக்குச் சற்று மேலே எழும் குட்டைக் கோபுரம் மட்டுமே இருந்தது. தூண்கள் அதற்குத் தாராளமாகப் போதும். அடுத்து வந்தவர்களுக்குத்தான் அது போதவில்லை. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் கோபுரத்தை உயர்த்தி, அதன்மேல் ஊசிக்கோபுரத்தையும் ஏற்றிவிட்டார்கள். மொத்த உயரம் 123 மீட்டர். பழைய தூண்களின் தலையில் ஏறிய புதுப் பாரம் ஏறத்தாழ 6,500 டன். அஸ்திவாரமோ சரளைப் படுகையில் நாலடி ஆழம்தான்!

ஆபத்து அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஊசிக்கோபுரச் சுவரின் கனத்தை மேலே போகப்போக ஒரு சாண் அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள். உள்ளே அன்றைய மரச்சட்டகம் இன்றும் நிற்கிறது. அதே காலத்தில், 1322இல், ஈலி பேராலயத்தின் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. லிங்கன் நகரப் பேராலயத்தின் ஊசிக்கோபுரம் 1548இல் விழுந்தது. அதை மறுபடி யாரும் எழுப்பவில்லை. சாலிஸ்பரி தப்பியதற்குக் காரணம், பின்வந்தவர்கள் சும்மா இருக்காததுதான். தூண்களுக்கிடையே முட்டு வளைவுகள் கட்டினார்கள், கோபுரத்தை இரும்புப் பட்டைகளால் இறுக்கினார்கள். 1668இல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் வந்து அளந்தபோது உச்சி ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் சாய்ந்திருந்தது.

கையேடுகளெல்லாம் இந்த ஆலயத்தின் ஒருமையைத்தான் புகழும். பல இங்கிலாந்துப் பேராலயங்கள் நூற்றாண்டுக்கு ஒரு பாணியாக ஒட்டுப்போட்டவை. இது 38 ஆண்டுகளில் ஒரே பாணியில் எழுந்தது. உண்மைதான். ஆனாலும் எனக்கு அந்தச் சீர்மை கொஞ்சம் சலிப்பூட்டுகிறது. இங்கிலாந்தின் பர்பெக் பகுதிக் கல்லால் ஆன தூண்கள் வளைந்தும் முறியாமல் நிற்கும் அந்த நடுவிடத்தை விட்டு நகரத்தான் மனம் வராது.

மறுபடி போனால் நிலத்தடி நீரை அளப்பதையும் பாருங்கள். தரையில் ஒரு கல்லைத் தூக்கி, நீளக்கோலை உள்ளே விட்டு நீர்மட்டம் பார்ப்பார்கள். அடியில் உள்ள சரளையின் ஈரம் அதிகம் மாறாமல் இருக்கும்வரை அந்த நாலடி அஸ்திவாரத்துக்குக் கவலையில்லை.