பொட்டாசியம் சார்பேட் சேர்த்த ஸ்குவாஷ், ஜாம் வாங்கலாமா?

கேள்வி: "கொடைக்கானலில் வாங்கிய பிளம்ஸ் ஸ்குவாஷ் பாட்டிலில் 'பதப்படுத்தி 202' என்று போட்டிருக்கிறது. இதையே ஒயினிலும் முகப்பூச்சிலும் சேர்க்கிறார்களாம். உடலுக்குக் கெடுதலா? இது இல்லாத சரக்கு எங்கே கிடைக்கும்?"

சீசனில் மலை ஏறி வந்து, ஏழு ரோட்டுப் பக்கம் ஏதோ ஒரு கடையில் பாட்டில் வாங்கி, ஊர் போய்ச் சேர்ந்த பிறகு லேபிளைப் படித்திருக்கிறீர்கள். அப்புறம் இணையத்தில் தேடிக் கலங்கிப்போயிருக்கிறீர்கள். வாங்கும்போதே படித்திருக்கலாம், போகட்டும். தாராளமாகக் குடியுங்கள், ஒன்றும் ஆகாது. உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் ஆற்றாமை. நேரம் இருந்தால் மேலே படியுங்கள்.

யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நான் கொடைக்கானலில் ஜாமும் ஸ்குவாஷும் செய்து விற்கிறவள். ஸ்குவாஷில் 202 போடுகிறேன், போட்டதை லேபிளில் அச்சடிக்கிறேன். "வியாபாரி வேறு எப்படிப் பேசுவாள்" என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் மருத்துவர் இல்லை. ஆனால் அந்தப் பொருளை நகைத் தராசில் நிறுத்துப் போடுகிற கை என்னுடையது. கைபேசியில் வந்த செய்தியை நாலு பேருக்குத் தள்ளிவிடுகிறவர்களைவிட எனக்கு அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

202 என்றால் பொட்டாசியம் சார்பேட். சார்பிக் அமிலத்தின் உப்பு. நொறுக்கிய சேமியா போல வெள்ளையாக இருக்கும். அமிலத்துக்குத் தனி எண், 200. அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது, மேலே மிதக்கும். உப்பு உடனே கரையும் என்பதால்தான் எங்களைப் போன்றவர்கள் 202 வாங்குகிறோம். லண்டனில் இருந்த ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1859-இல் ரோவன் மரத்தின் பழுக்காத காய்களிலிருந்து அமிலத்தைப் பிரித்தெடுத்தார். எங்கள் ஊர்ப் பேரிக்காய்க்கும் பிளம்ஸுக்கும் அந்த மரம் ஒரே குடும்பம். அதற்காக "இது இயற்கையானது" என்று உங்களிடம் கதை விடமாட்டேன். இன்று கிடைப்பது முழுக்க முழுக்க ஆலையில் செய்வது.

இது கிருமியைக் கொன்று போடுகிற மருந்து இல்லை. ஈஸ்ட்டும் பூசணமும் பெருகாமல் தடுக்கும், அவ்வளவுதான். பாக்டீரியா விஷயத்தில் கை கொஞ்சம் தளர்வு. புளிப்பு உள்ள பண்டத்தில்தான் நன்றாக வேலை செய்யும். அழுகல் பழத்தைப் பிழிந்து, கழுவாத பாத்திரத்தில் காய்ச்சிவிட்டு, 202 காப்பாற்றும் என்று உட்கார்ந்திருந்தால் காப்பாற்றாது. புளிக்க ஆரம்பித்துவிட்ட சாற்றில் கொட்டினாலும் வீண்.

இப்போது மதுரைக்காரர் கதைக்கு வருகிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றதே அவரால்தான்.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கடைக்கு வந்தார். ஸ்குவாஷ் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 202-ஐக் கண்டதும் கைபேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார். "என்ன மேடம், மலைக்கு வந்தும் கெமிக்கலா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கடை தள்ளிப் போய், 'பதப்படுத்தி அற்றது, நூறு சதவீதம் இயற்கை' என்று ஒட்டியிருந்த பாட்டில்களை அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார். அவர் மனைவி மட்டும் சங்கடப்பட்டுக்கொண்டு என்னிடம் ஒரு பாட்டில் ஜாம் வாங்கினார்.

சில வாரம் கழித்து அவரிடமிருந்து தொலைபேசி. எடுத்த எடுப்பில் திட்டு. நடு இரவில் சமையலறை அலமாரியில் பாட்டில் மூடி பறந்து, புதிதாக வெள்ளையடித்த சுவர் முழுக்கச் சிவப்புச் சாறாம். "உங்கள் ஊர்ச் சரக்கின் லட்சணம் இதுதானா?" என்றார். எனக்கு ஏன் அழைத்தார் தெரியுமா? என் ஜாம் லேபிளில் கைபேசி எண் இருந்தது. அந்தப் பாட்டிலில் எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை. படம் அனுப்பச் சொன்னேன். வெடிக்காமல் மிச்சமிருந்த பாட்டிலைப் படம் பிடித்து அனுப்பினார். மூடி நடுவில் உப்பியிருந்தது. கழுத்துவரை நுரை. அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல். ஈஸ்ட் வயிறாரத் தின்றுவிட்டுப் படுத்திருந்தது.

அந்தக் கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே எதுவும் போடவில்லை. அதனால்தான் வெடித்தது.

ஸ்குவாஷ் என்றால் பழச்சாறு குறைந்தது 25 சதவீதமும், கரைந்த திடப்பொருள் 40 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் திடப்பொருளில் பெரும்பகுதி சர்க்கரைதான். அந்த அளவுச் சர்க்கரை ஈஸ்ட்டுக்குத் தடை இல்லை, விருந்து. ஜாம் அப்படி இல்லை. கரைந்த திடப்பொருள் 68 சதவீதம் ஆகும்வரை அதைச் சுண்டக் காய்ச்சுகிறோம். அந்தப் பாகில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. பதம் தப்பாமல் எடுத்து, சூடாகப் பாட்டிலில் அடைத்த ஜாமுக்கு 202 தேவையே இல்லை. நானும் போடுவதில்லை. மே மாதத்திலும் எங்கள் ஊரில் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே அலமாரியில் சாதுவாக இருக்கும் பாட்டில், மதுரை வெயிலில் அடைத்த சமையலறைக்குப் போனால் சும்மா இருக்குமா?

202 இல்லாமல் ஸ்குவாஷ் செய்யவே முடியாதா என்றால், முடியும். பாட்டிலில் அடைத்து வெந்நீரில் சூடேற்றி, ஃபிரிட்ஜில் வைத்து, திறந்த பிறகு சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் கேட்பது வேறு. சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும், ரசாயனம் கூடாது, ஃபிரிட்ஜ் இல்லாமல் ஒரு வருடம் தாங்க வேண்டும், விலையும் பேரம் பேசுகிறபடி இருக்க வேண்டும். இத்தனையும் ஒரே பாட்டிலில் தருகிற வித்தை எனக்குத் தெரியாது.

202-க்குப் பதிலாக இன்னொரு பதப்படுத்தியான பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போடலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். தாட்பூட் பழத்துக்கும் (பேஷன் ஃப்ரூட்) எலுமிச்சைக்கும் அது சரி. பிளம்ஸில் போட்டால் அந்தச் சிவப்பு வெளுத்துவிடும். அதிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சோடியம் பென்சோயேட், அதாவது 211, நிறத்தைக் கெடுக்காது. பயிற்சி வகுப்புகளில் நிறமுள்ள பழங்களுக்கு அதைத்தான் சொல்லித்தருவார்கள். எனக்கு அதன் சுவை பிடிக்கவில்லை, தொண்டையில் ஒரு காரல் நிற்கிறது. இது என் நாக்கின் தீர்ப்பு. 211 போடுகிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

அளவு என்ன என்று யாருமே கேட்பதில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் வைத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் சார்பிக் அமிலம். 50 கிலோ எடை உள்ளவருக்கு 550 மில்லிகிராம். ஒரு கிலோ பண்டத்தில் அரை கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வரம்பைத் தொட தினமும் ஒரு கிலோவுக்கு மேல் உள்ளே தள்ள வேண்டும். ஸ்குவாஷையோ ஜாமையோ அப்படித் தள்ளுகிறவரை எமலோகத்துக்கு அழைத்துப் போவது சர்க்கரை, 202 இல்லை.

"பாட்டி காலத்தில் இதெல்லாம் போட்டார்களா?" என்று அடுத்து ஒருவர் வருவார். 1955-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளை எடுத்துப் பாருங்கள். உப்பு, சர்க்கரை, வினிகர், தேன், மசாலா, சமையல் எண்ணெய் எல்லாம் அதில் முதல் வகுப்புப் பதப்படுத்திகள். பென்சோயிக், சார்பிக் வகையறா இரண்டாம் வகுப்பு. உப்பும் எண்ணெயும் மிதக்க ஊறுகாய் போட்ட உங்கள் பாட்டியும் பதப்படுத்தி போட்டவர்தான், ஒரு கை தாராளமாகவே.

ஒயின் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். என் தம்பி நாசிக்கில் ஒரு ஒயின் ஆலையில் வேலை பார்க்கிறான், சொல்வது அவன். இனிப்பு மிச்சமிருக்கும் ஒயினைப் பாட்டிலில் அடைத்த பிறகு மறுபடி புளித்துப் பொங்காமலிருக்க 202 போடுவார்கள். சர்க்கரை முழுக்கப் புளித்துத் தீர்ந்த ஒயினுக்கு அது வேண்டாம். தனியாகவும் போடமாட்டார்கள், கந்தக டை ஆக்சைடும் கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் லாக்டிக் பாக்டீரியா சார்பிக் அமிலத்தைத் தின்று வேறொன்றாக மாற்றிவிடும். அப்போது ஒயினில் ஜெரேனியம் இலையைக் கசக்கிய வாசனை வரும். எங்கள் ஊரில் வீட்டு வாசலில் ஜெரேனியம் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த வாசனை பழக்கம். செடியில் இருந்தால் அழகு, கோப்பையில் இருந்தால் கொட்டத்தான் வேண்டும். பாலாடைக்கட்டியில் இதற்கு ஒரு பங்காளி உண்டு. சில பூசணங்கள் சார்பிக் அமிலத்தைச் சிதைத்தால் மண்ணெண்ணெய் நாற்றம் வரும்.

இதைப் படித்துவிட்டு "ஹோம்மேட் ஒயின் எங்கே கிடைக்கும் அக்கா?" என்று கேட்காதீர்கள். உரிமம் இல்லாமல் செய்து விற்பது குற்றம். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதைத்தான் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்.

முகப்பூச்சு விஷயத்தில் சட்டென்று முடிக்கிறேன். என் நாத்தனார் மகள் கற்றாழை ஜெல் செய்து விற்கிறாள். "அத்தை, பதப்படுத்தி இல்லாமல்தான் செய்வேன்" என்று பிடிவாதமாக இருந்தாள். முதலில் செய்த டப்பாக்களின் மூடிக்கு உள்பக்கம் கறுப்புப் புள்ளிகள் பூத்த பிறகு என் தராசைத் தேடி வந்தாள். தண்ணீர் இருக்கும் எந்தப் பூச்சிலும் பூசணம் வரும். யூகலிப்டஸ் தைலத்தில் தண்ணீர் இல்லை, அதனால் அதற்கு இந்தக் கவலை இல்லை. ஐரோப்பாவில் அழகுசாதனத்துக்கு உச்ச அளவு, அமிலக் கணக்கில் 0.6 சதவீதம். பூச்சு புளிப்புப் பக்கம் இருக்க வேண்டும். காரம் மிகுந்த சோப்பில் இதைப் போடுவது காசுக்குப் பிடித்த கேடு. சிலருக்குத் தோலில் தற்காலிகமாகச் சிவப்பும் எரிச்சலும் வருவதுண்டு, முக்கியமாகக் கண்ணைச் சுற்றி. முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம்.

இவ்வளவு எழுதியபின் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 202-க்குப் பயப்படுகிற இதே ஜனங்கள், பெருமாள்மலையிலிருந்து ஊருக்குள் வரும் வழியெல்லாம் பேரிக்காய் மரங்கள் காணாமல் போவதைப் பார்க்கிறார்களா? பறிக்கிற கூலிக்கும் சுமக்கிற கூலிக்கும் வியாபாரி தருகிற விலை கட்டாது. காய் மரத்தடியிலேயே விழுந்து அழுகும். மகன்கள் தோட்டத்தை விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் மரங்களை வெட்டி காட்டேஜ் கட்டி, வாசலில் 'பேர் ஆர்ச்சர்ட்' என்று பலகை மாட்டுகிறார். அந்தப் பழம் ஒரு வருடம் கெடாமல் இருந்து நாலு காசு பார்க்க வேண்டுமானால் அதை ஜாமாகவோ ஸ்குவாஷாகவோதான் ஆக்க வேண்டும். ஆக்கினால் "கெமிக்கலா மேடம்?" உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பாட்டிலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 14 இலக்க உணவு உரிம எண், தயாரித்த தேதி, முகவரி இருக்கிறதா? மூடி தட்டையாக இருக்கிறதா? இருந்தால் திறந்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு குடியுங்கள். மூடி உப்பியிருந்தால், 202 இருந்தாலும் இல்லாவிட்டாலும், முகத்துக்கு நேரே வைத்துத் திறக்காமல் கொட்டிவிடுங்கள். என் கடை விலாசத்தைக் கீழே கேட்க வேண்டாம். தபாலில் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். கண்ணாடி பாட்டில் வத்தலக்குண்டு இறங்குவதற்குள் பாதி உடைந்துபோகிறது.